லினக்ஸில் வேண்டாத பொதிகளைப் பத்திரமாக நீக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் புதிதாக ஒன்றை நிறுவும்போது யாரும் பயப்படுவதில்லை. நீக்கும்போதுதான் கை நடுங்குகிறது. "இதை எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமா?" என்று என்னிடம் கேட்டவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்ததால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். டெபியன், உபுண்டு, மின்ட் பயன்படுத்துபவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பகுதியும். ஃபெடோரா, ஆர்ச்சுக்குத் தனிக் கேள்வி பின்னால் இருக்கிறது.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எதையாவது மாற்றும் கட்டளை எல்லாவற்றுக்கும் முன்னால், நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை நான் எழுதவில்லை.

பொதி, பொதி என்கிறீர்களே, நான் நிறுவிய ஆப்பும் அதுவும் ஒன்றுதானா?

முழுக்க ஒன்றல்ல. பேக்கேஜ் என்பதைத்தான் பொதி என்கிறோம். நீங்கள் திறந்து பயன்படுத்தும் ஒரு ஆப், உள்ளே ஐந்தாறு பொதிகளாகப் பிரிந்திருக்கலாம்: நிரல் ஒன்று, அதன் படங்களும் ஒலிகளும் இன்னொன்று, மொழிக் கோப்புகள் வேறொன்று. அதுபோக, அந்த ஆப் ஓடுவதற்கு வேண்டிய நூலகங்கள் தனித்தனிப் பொதிகள். அவற்றைச் சார்புப் பொதிகள் என்போம். ஒரே நூலகத்தை இருபது ஆப்கள் பகிர்ந்துகொள்ளும். நீக்கும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தப் பகிர்வில் தொடங்குபவை.

பயன்படுத்தாத பொதிகள் கிடந்தால் கணினி மெதுவாகுமா?

ஆகாது. வட்டில் சும்மா கிடக்கும் பொதி நினைவகத்தையும் தின்னாது, செயலியையும் தொடாது. பின்னணியில் சேவையாக ஓடிக்கொண்டிருக்கும் பொதி மட்டும் விதிவிலக்கு. உதாரணத்துக்கு, என்றோ பழகிப் பார்க்க நிறுவிய ஒரு டேட்டாபேஸ் சர்வர், ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் தானும் கிளம்பும். அதை நீக்கினால் வித்தியாசம் தெரியும்.

அப்படியென்றால் எதற்கு நீக்க வேண்டும்? வட்டில் இடம் கிடைக்கும், புதுப்பிப்பு சீக்கிரம் முடியும். எல்லாவற்றையும்விட, பாதுகாப்பு ஓட்டை விழக்கூடிய நிரல்கள் குறையும். வேகத்துக்காக என்று நினைத்து நூற்றுக்கணக்கான சிறு நூலகங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க உட்காராதீர்கள். பலன் சில எம்பிதான். ஆபத்து முழு டெஸ்க்டாப்புக்கும்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பொதிகளை நிறுவவும் நீக்கவும் இருக்கும் கருவி ஆப்ட். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்று தட்டுங்கள். கைப்பட நிறுவியவை என்று உங்கள் கணினி குறித்துவைத்திருக்கும் பொதிகளின் பட்டியல் வரும். லினக்ஸை நிறுவியபோதே வந்த அடிப்படைப் பொதிகளும் இதில் கலந்திருக்கும் என்பதால், பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எல்லாமே நீங்கள் போட்டவை என்று எண்ண வேண்டாம். பெயரைப் பார்த்ததும் "ஆமாம், இதை நான்தான் போட்டேன், இப்போது வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா? அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் புரியவில்லையா? 'ஆப்ட் ஷோ' கட்டளையோடு அந்தப் பெயரைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்ற விளக்கம் வரும். அதையும் படித்துப் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். புரியாத பொதியை வைத்திருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

ரிமூவுக்கும் பர்ஜுக்கும் என்ன வித்தியாசம்?

'ஆப்ட் ரிமூவ்' நிரலை எடுத்துவிட்டு, 'இடிசி' அடைவில் இருக்கும் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி நிறுவினால் பழைய அமைப்பு அப்படியே கிடைக்கும். 'ஆப்ட் பர்ஜ்' அந்த அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துவிடும். ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் 'டிபிகேஜி' கட்டளையின் பட்டியலில் வரியின் தொடக்கத்தில் 'ஐஐ' என்று இருந்தால் பொதி நிறுவப்பட்டிருக்கிறது; 'ஆர்சி' என்று இருந்தால் நிரல் போய்விட்டது, அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சம்.

இரண்டுமே உங்கள் ஹோம் அடைவைத் தொடாது. பிரவுசரை பர்ஜ் செய்தாலும் உங்கள் புக்மார்க்குகள் ஹோமில் மறைவாக இருக்கும் அடைவில் பத்திரமாக இருக்கும். இடம் வேண்டுமென்றால் அதை நீங்களே தேடி நீக்க வேண்டும். சந்தேகம் இருக்கும்போது ரிமூவ் போதும் என்பது என் பழக்கம். அமைப்புக் கோப்புகள் பிடிக்கும் இடம் மிகச் சிறியது.

ஆட்டோரிமூவைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டலாம். ஒவ்வொரு பொதிக்கும் உங்கள் கணினி ஒரு குறி வைத்திருக்கிறது: நீங்கள் கேட்டு வந்ததா, இன்னொன்றுக்குத் துணையாகத் தானாக வந்ததா என்று. தானாக வந்த ஒரு பொதி இப்போது எதற்கும் தேவைப்படவில்லை என்றால், 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' அதை நீக்கப் பட்டியல் போடும். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அந்தக் குறி, பொதி எப்படி வந்தது என்பதைச் சொல்கிறதே தவிர, உங்களுக்கு இன்று தேவையா என்பதைச் சொல்வதில்லை.

ஒரு காட்சியைப் பாருங்கள். வீடியோ வெட்டும் ஆப் ஒன்றை நிறுவினீர்கள். அதற்குத் துணையாக 'எஃப்எஃப்எம்பெக்' என்ற வீடியோ கருவி வந்தது. சில மாதங்களில் அந்த எஃப்எஃப்எம்பெக்கையே டெர்மினலில் நேரடியாகப் பயன்படுத்தப் பழகிவிட்டீர்கள். இப்போது வீடியோ ஆப் வேண்டாம் என்று நீக்குகிறீர்கள். எஃப்எஃப்எம்பெக்கை வேறு எந்தப் பொதியும் கேட்கவில்லை என்றால் அடுத்த ஆட்டோரிமூவ் பட்டியலில் அதன் பெயர் வரும். நீங்கள் தினமும் அதைப் பயன்படுத்துவது ஆப்டுக்குத் தெரியாது.

தீர்வு சுலபம். பட்டியலைப் படித்து, உங்களுக்கு வேண்டிய பெயர் இருந்தால் 'என்' அழுத்தி வெளியே வாருங்கள். 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுங்கள். அப்புறம் ஆட்டோரிமூவை மறுபடி ஓட்டினால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது.

நான் ஒரே ஒரு புரோகிராமைத்தான் எடுத்தேன். கணினியை மறுபடி திறந்தால் கறுப்புத் திரை. ஏன்?

நீங்கள் ஒரு பெயரைத்தான் தட்டினீர்கள். கணினி அதோடு இன்னும் பல பெயர்களைக் காட்டி, சம்மதமா என்று கேட்டிருக்கும். நீங்கள் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். என்னிடம் வந்த நீக்கல் விபத்துகளில் அநேகமாக எல்லாமே இந்த ஒரு கணத்தில் நடந்தவை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் மின்னஞ்சலை பிரவுசரில்தான் பார்ப்பார். அதனால் 'எவல்யூஷன்' என்ற மின்னஞ்சல் ஆப்பை நீக்கினார்; ஒன்றும் ஆகவில்லை. பிறகு பட்டியலில் 'எவல்யூஷன்-டேட்டா-சர்வர்' என்று ஒன்று மிச்சமிருப்பதைப் பார்த்தார். அதே குடும்பத்துப் பெயர் ஆயிற்றே, இதுவும் வேண்டாம் என்று நீக்கச் சொன்னார். திரையில் வந்த பட்டியலில் 'ஜினோம்-ஷெல்' இருந்தது, 'ஜிடிஎம்3' இருந்தது. முதலாவது நீங்கள் பார்க்கும் டெஸ்க்டாப். இரண்டாவது கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரை. மேல்பட்டையில் கடிகாரத்தைச் சொடுக்கினால் விரியும் நாட்காட்டி, நிகழ்ச்சிகளை இந்த டேட்டா சர்வரிடமிருந்துதான் வாங்குகிறது. அதனால் ஜினோம் ஷெல் அதைச் சார்ந்திருக்கிறது. ஜிடிஎம்3 ஜினோம் ஷெல்லைச் சார்ந்திருக்கிறது. அடியில் ஒன்றை உருவினால் மேலே அடுக்கியவை எல்லாம் சரியும்.

அதனால் உங்களிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: தட்டிய பெயரை மறந்துவிட்டு, திரையில் வரும் பட்டியலைப் படியுங்கள். நீங்கள் உண்மையில் நீக்கப்போவது அந்தப் பட்டியலை. அதன் அடியில் எத்தனை பொதிகள் நீக்கப்படும் என்ற எண்ணிக்கையும், எவ்வளவு இடம் விடுபடும் என்ற கணக்கும் இருக்கும். ஒரு சின்ன ஆப்புக்கு நாற்பது பொதிகள் போகின்றன என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

நீக்காமலேயே என்ன போகும் என்று முன்கூட்டிப் பார்க்க வழி உண்டா?

உண்டு. 'ஆப்ட்-கெட்' கட்டளையோடு 'சிமுலேட்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் வெறும் ஒத்திகை மட்டும் நடக்கும். எதுவும் மாறாது, சுடோவும் வேண்டாம். நீக்கப்படப் போகும் ஒவ்வொரு பொதிக்கும் 'ரெம்வ்' என்று தொடங்கும் ஒரு வரி வரும். அந்த வரிகளை மட்டும் எண்ணுங்கள். ஆட்டோரிமூவுக்கும் இதே ஒத்திகை செல்லும்.

ஒரு பொதியை வேறு எவை நம்பியிருக்கின்றன என்று தெரிய 'ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்' கட்டளையில் 'இன்ஸ்டால்ட்' ஆப்ஷனைச் சேருங்கள். உங்கள் கணினியில் இருப்பவற்றை மட்டும் காட்டும். சங்கிலி நீளமாக இருந்தால் 'ஆப்டிடியூட் வை' இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆனால் அதற்கு ஆப்டிடியூடைத் தனியாக நிறுவ வேண்டும்.

நீக்கும் பட்டியலில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்று வருகிறது. டெஸ்க்டாப்பே போய்விடுமா?

அந்த ஒரு பெயர் மட்டும் வந்தால் போகாது. அது மெட்டாபேக்கேஜ் வகை. தனக்குள் நிரல் எதுவும் இல்லாமல், "இவையெல்லாம் வேண்டும்" என்று பெயர்களை மட்டும் சுமக்கும் வெற்றுப் பொதி. அது கட்டாயம் என்று சொல்லும் ஒன்றை நீங்கள் நீக்கினால், சொன்ன சொல் பொய்யாகிவிடும் என்பதால் அதுவும் கூடவே நீங்குகிறது. மெட்டாபேக்கேஜ் போனதும் அது கொண்டுவந்த மற்றவை ஆட்டோரிமூவில் அடித்துச் செல்லப்படாதபடி, அவற்றுக்குக் கைப்பட நிறுவிய குறியை ஆப்ட் மாற்றிக் கொடுத்துவிடும்.

ஆனாலும் எனக்கு அதை விட்டுவைப்பதே பிடிக்கும். அடுத்த உபுண்டு வெளியீட்டுக்கு மாறும்போது டெஸ்க்டாப்பில் புதிதாகச் சேர்ந்த பகுதிகள் இந்தப் பொதி வழியாகத்தான் உங்களிடம் வரும். பட்டியலில் ஜினோம் ஷெல், ஜிடிஎம்3 போன்றவையும் சேர்ந்து வந்தால் கதை வேறு. அதற்கு முந்தைய எவல்யூஷன் கதையைப் பாருங்கள்.

பைத்தான் பழைய பதிப்பாக இருக்கிறது. நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். உபுண்டுவிலும் மின்டிலும் டெஸ்க்டாப்பின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. புதுப்பிப்புக் கருவி, மென்பொருள் மூலங்களை நிர்வகிக்கும் திரை எல்லாம் 'பைத்தான்3' பொதியை நம்பியிருக்கின்றன. அதை நீக்கச் சொன்னால் வரும் பட்டியல் பல திரைகள் ஓடும்.

புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதன் பக்கத்திலேயே இன்னொன்றாக நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை 'வென்வ்' எனப்படும் தனிச் சூழலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் பைத்தான் கணினிக்கு, உங்களுடையது உங்களுக்கு. 'பைத்தான்3' என்ற பெயர் சுட்டும் பதிப்பைக் கைப்பட மாற்றுவதும் இதே அளவு ஆபத்து. பொதி போகாது, ஆனால் அதை நம்பிய கருவிகள் திறக்காது.

பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று வருகிறது. பழைய கெர்னல்களை நானே அழிக்கலாமா?

முதலில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' ஓட்டிப் பாருங்கள். கெர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு. அதன் ஒவ்வொரு புதுப்பிப்பும் பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வைக்கும். புதியது கிளம்ப மறுத்தால் பழையதில் நுழைய வேண்டுமே, அதற்காக. ஒவ்வொரு கெர்னலும் கணினி கிளம்ப உதவும் அதன் கோப்புகளும் பூட் பகுதியில் கணிசமான இடம் பிடிக்கும் என்பதால், அதற்குச் சிறிய தனிப் பகுதி வைத்தவர்களுக்கு இந்த நெருக்கடி வரும். ஆட்டோரிமூவ் இப்போது ஓடும் கெர்னலையும் கடைசியாக வந்ததையும் விட்டுவிட்டு, பழையவற்றை மட்டும் எடுக்கும்.

அது போதவில்லை என்றால் 'யூநேம்' கட்டளையை சிறிய 'ஆர்' ஆப்ஷனோடு தட்டி, இப்போது ஓடும் பதிப்பைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. மற்றவற்றில் மிகப் பழைய 'லினக்ஸ்-இமேஜ்' பொதியின் முழுப் பெயரைக் கொடுத்து பர்ஜ் செய்யுங்கள். குறைந்தது இரண்டு கெர்னல்களாவது மிஞ்சட்டும். பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளை நேரடியாக அழிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

ஆப்ட் எதற்கு? அந்த அடைவையே 'ஆர்எம்' போட்டு அழித்தால் முடிந்ததே?

முடியாது, அங்கேதான் தொடங்கும். எந்தப் பொதி எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்று டிபிகேஜி ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் கோப்பை அழித்தாலும் கணக்கில் அது இருக்கும். அந்தப் பொதி நலமாக இருப்பதாக நம்பி மற்ற பொதிகள் நிறுவப்படும், அப்புறம் ஓடாது. கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று தெரிய 'டிபிகேஜி' கட்டளையில் பெரிய 'எஸ்' ஆப்ஷனோடு கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஒரு பொதியின் பெயர் வந்தால், அதை ஆப்ட் வழியாகவே நீக்குங்கள்.

மூல நிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவியதை எப்படி எடுப்பது?

'மேக் இன்ஸ்டால்' செய்தவை வழக்கமாக 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் இருக்கும் 'லோக்கல்' அடைவில் உட்காரும். ஆப்டுக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. தொகுத்த அடைவு இன்னும் இருந்தால் அங்கே போய் 'மேக் அன்இன்ஸ்டால்' முயன்று பாருங்கள். எல்லா மென்பொருளும் அதற்கு வழி வைத்திருப்பதில்லை. வைக்கவில்லை என்றால் லோக்கல் அடைவுக்குள் கோப்புகளைத் தேடிக் கையால்தான் எடுக்க வேண்டும். முந்தைய பதிலில் ஆர்எம் வேண்டாம் என்றேன். அதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஆட்டோரிமூவ் ஓட்டியபின் நான் தொகுத்த புரோகிராம் மட்டும் ஓடவில்லை. அதை நான் நீக்கவே இல்லையே?

புரோகிராம் இருக்கிறது, அதன் நூலகம் போய்விட்டது. நீங்கள் தொகுத்தது ஆப்டின் கணக்கில் இல்லை என்று மேலே சொன்னேன். ஆகவே அது ஒரு நூலகத்தைப் பயன்படுத்துவதும் கணக்கில் இல்லை. வேறு யாருக்கும் வேண்டாத நூலகம் என்று ஆட்டோரிமூவ் அதை எடுத்திருக்கும்.

'எல்டிடி' என்று தட்டி அந்தப் புரோகிராமின் பாதையைக் கொடுங்கள். அது நம்பியிருக்கும் நூலகங்கள் வரிசையாக வரும். காணாமல் போனவற்றின் எதிரே கிடைக்கவில்லை என்று போட்டிருக்கும். அந்தப் பெயருக்குரிய பொதியை நிறுவுங்கள். பெயர் சொல்லி நிறுவினாலே கைப்பட நிறுவிய குறி விழுந்துவிடும்; அடுத்த முறை போகாது.

நான் ஆப்பை நீக்கிவிட்டேன், ஆனாலும் அதன் துணைப் பொதிகளை ஆட்டோரிமூவ் தொடவே இல்லை. ஏன்?

இன்னொரு பொதி அவற்றைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கும். ஒரு பொதி மற்றொன்றைக் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்லலாம், இருந்தால் நல்லது என்றும் சொல்லலாம், விருப்பமிருந்தால் என்றும் சொல்லலாம். இந்த மூன்றில் எந்த வகையில் ஒரு தொடர்பு மிச்சமிருந்தாலும் ஆட்டோரிமூவ் இயல்பாக அந்தப் பொதியை விட்டுவைக்கும். எச்சரிக்கையான முடிவு, எனக்கு உடன்பாடுதான். உறுதியாக வேண்டாம் என்று தெரிந்த பொதியைப் பெயர் சொல்லி நீக்கிக்கொள்ளுங்கள், முன்னால் சொன்ன ஒத்திகையோடு.

டெபார்பன் என்ற கருவியைப் பரிந்துரைக்கிறார்களே?

பழைய பரிந்துரை. அனாதையான நூலகங்களைத் தேடித்தர ஒரு காலத்தில் பயன்பட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அந்தப் பொதியே இல்லை. அதன் வேலையை ஆட்டோரிமூவ் செய்கிறது. எங்காவது பழைய குறிப்பில் டெபார்பனின் பட்டியலை அப்படியே பர்ஜ் கட்டளைக்குள் குழாய் வழியாக அனுப்பச் சொல்லியிருந்தால் செய்யாதீர்கள். நீங்கள் பட்டியலைப் படிக்கும் வாய்ப்பையே அது பறித்துவிடும்.

நிறையப் பொதிகள் ஒரே மாதிரிப் பெயரில் தொடங்குகின்றன. நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நீக்கலாமா?

நான் போடுவதில்லை. 'ஜினோம்' என்று எழுதி நட்சத்திரம் போட்டால் ஜினோம் விளையாட்டுகள் மட்டுமா பிடிபடும்? டெஸ்க்டாப், அமைப்புத் திரை என்று அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாம் பிடிபடும். அதுபோக, டெர்மினலே அந்த நட்சத்திரத்தை நீங்கள் நிற்கும் அடைவின் கோப்புப் பெயர்களாக மாற்றிவிடவும் கூடும். பத்துப் பெயர்களைத் தட்ட ஒரு நிமிடம்தான் ஆகும்.

இடம்தான் என் பிரச்சினை. பொதிகளைத் தொடாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பலருக்கு இதுவே போதும். 'ஆப்ட் கிளீன்' இறக்கிவைத்த நிறுவல் கோப்புகளை அழிக்கும். நிறுவிய எதையும் தொடாது, துளியும் ஆபத்தில்லை.

உபுண்டுவில் ஸ்னாப் (ஆப்டைச் சாராத இன்னொரு நிறுவல் முறை) இருந்தால் அது ஒவ்வொரு ஆப்பின் முந்தைய பதிப்பையும் சேர்த்து இயல்பாக 2 பதிப்புகளை வைத்திருக்கும். 'ஸ்னாப் லிஸ்ட்' கட்டளையில் 'ஆல்' ஆப்ஷனைச் சேர்த்தால், பழையவற்றின் எதிரே முடக்கப்பட்டது என்று தெரியும். அவற்றைப் பதிப்பு எண் சொல்லி நீக்கலாம். ஒரு ஸ்னாப்பை முழுதாக நீக்கினால் அதன் தரவை ஒரு நகலாக 31 நாள் வைத்திருக்கும். இடம் உடனே கூடவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். அதே போன்ற இன்னொரு முறையான ஃபிளாட்பேக்கில் 'ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால்' கட்டளையோடு 'அன்யூஸ்ட்' ஆப்ஷனைக் கொடுங்கள். எந்த ஆப்பும் பயன்படுத்தாத ரன்டைம்கள் (ஆப்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகத் தொகுப்புகள்) போகும். அவை ஒவ்வொன்றும் கணிசமான அளவு.

ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் இதெல்லாம் பொருந்துமா?

எண்ணம் அதே, பெயர்கள் வேறு. ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ரிமூவ்' செய்தாலே, அந்த ஆப்புக்காக வந்து இனி யாருக்கும் தேவைப்படாத சார்புகளும் கூடவே போகும். அதனால் அங்கே பட்டியலைப் படிப்பது இன்னும் முக்கியம். இப்போது ஓடும் கெர்னலை நீக்க டிஎன்எஃப் சம்மதிக்காது; கெர்னல்களில் இயல்பாக 3 மட்டும் வைத்துக்கொண்டு பழையதைத் தானே எடுத்துவிடும். எனக்கு அதில் மிகப் பிடித்தது 'டிஎன்எஃப் ஹிஸ்டரி'. செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் இருக்கும். 'அண்டூ' என்று அந்த எண்ணைக் கொடுத்தால் திருப்பிச் செய்துவிடும்.

ஆர்ச்சில் 'பேக்மேன்' கட்டளைக்குப் பெரிய 'ஆர்', சிறிய 'எஸ்' சேர்த்தால் ஆப்பும் அதன் தேவையற்ற சார்புகளும் போகும். பெரிய 'க்யூ', சிறிய 'டி', சிறிய 'டி' என்ற மூன்றில் முதல் டி டிபெண்டன்சிக்கானது, அடுத்தது ஆங்கில இருபதாம் எழுத்து. இது அனாதைகளைப் பட்டியலிடும். சார்புச் சோதனையையே தவிர்த்து நீக்கும் வழியும் பேக்மேனில் இருக்கிறது. அதை நாடும் நிலை வந்தால், பெரும்பாலும் அதற்கு முன்பே எங்கோ தவறு நடந்திருக்கிறது.

'யெஸ், டூ ஆஸ் ஐ சே' என்று முழு வாக்கியமாகத் தட்டச் சொன்னது. தட்டலாமா?

கூடாது. கணினி உயிரோடிருக்கத் தேவையான பொதிகளை நீக்கப் போகிறீர்கள் என்னும்போதுதான் ஆப்ட் அப்படிக் கேட்கும். 2021 நவம்பரில், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் 'ஸ்டீம்' என்ற விளையாட்டு ஆப்பை நிறுவ முயன்ற ஒரு யூடியூபர் இந்த வாக்கியத்தைத் தட்டினார், டெஸ்க்டாப்பே நீங்கிவிட்டது. அவர் நீக்க நினைத்ததுகூட இல்லை, ஒன்றை நிறுவத்தான் போனார். பொதிகள் வரும் களஞ்சியத்தில் இருந்த ஒரு பொதிப் பிழை சார்புகளை முரண்பட வைத்திருந்தது. அதே மாதம் வந்த ஆப்ட் 2.3.12 பதிப்பிலிருந்து, அத்தியாவசியப் பொதிகளை நீக்கும் தீர்வை ஆப்ட் தானாக முன்வைப்பதில்லை.

நிறுவும்போதும் நீக்கும் பட்டியல் வரலாம் என்பதை இந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போதும் அப்படியே. 'ஆப்ட் அப்கிரேட்' எதையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும்.

தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்கிறேன். வேறென்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு. ஒன்று, நீங்கள் உள்ளே வந்த கதவை நீக்காதீர்கள். ஒத்திகைப் பட்டியலில் எஸ்எஸ்ஹெச் சர்வர், நெட்வொர்க்கை நடத்தும் பொதி, ஃபயர்வால் பொதி இவற்றில் எது தென்பட்டாலும் நிறுத்துங்கள். இணைப்பு அறுந்தால் மறுபடி நிறுவவும் வழியில்லாமல் போகும்.

இரண்டு, டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் சர்வர்களை பர்ஜ் செய்யும்போது தரவு அடைவையும் அழிக்கவா என்று கேட்கும் திரை வரும். பழைய பதிப்பைத்தானே நீக்குகிறோம் என்ற நினைப்பில் ஆம் சொல்லிவிட்டால் தரவு போய்விடும். அங்கே ரிமூவ் மட்டும் செய்யுங்கள். தரவை வெளியே நகலெடுத்து, அந்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் சோதித்த பிறகு பர்ஜைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாம் கைமீறிவிட்டது. எதையெல்லாம் நீக்கினேன் என்றே தெரியவில்லை. எப்படி மீட்பது?

பதற வேண்டாம். நீங்கள் நீக்கியது எல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 'வார்' அடைவில் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அங்கே 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பு. அதன் கடைசிக்குப் போங்கள். தொடங்கிய நேரம், தட்டிய கட்டளை, அதன் கீழே 'ரிமூவ்' அல்லது 'பர்ஜ்' என்று தொடங்கும் நீண்ட வரி இருக்கும். அந்த வரியில் இருக்கும் பெயர்கள்தான் போனவை. பதிப்பு எண்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளைக்குக் கொடுங்கள்.

டெஸ்க்டாப் வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் கொண்ட நுழைவு வரும். அங்கிருந்தே இதைச் செய்யலாம். அந்த நண்பரின் கணினியை அப்படித்தான் மீட்டோம். லாகில் இருந்த வரியைப் பார்த்துப் பார்த்துத் தட்டினோம், மறுபடி கிளப்பியதும் நுழைவுத் திரை வந்தது. அவருடைய கோப்புகள் எல்லாம் ஹோமில் அப்படியே இருந்தன.

நெட்வொர்க் மேனேஜரும் போய் இணைய இணைப்பே இல்லை என்றால் லைவ் யூஎஸ்பியில் கிளம்பி, உங்கள் வட்டை மவுன்ட் செய்து, 'ச்ரூட்' வழியாக உள்ளே நுழைந்து நிறுவ வேண்டும். அது பொறுமை கேட்கும் வேலை. அதைத் தவிர்க்கத்தான், பெரிய சுத்தம் செய்யும் முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (கணினி நிலையின் நகல்) எடுக்கச் சொல்கிறேன். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் அடைவைச் சேர்ப்பதில்லை. உங்கள் சொந்தக் கோப்புகளுக்குத் தனி நகல் வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

கணக்கு எதுவும் இல்லை. ஆட்டோரிமூவையும் கிளீனையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் ஓட்டுகிறேன். கைப்பட நிறுவியவற்றின் பட்டியலைப் புதிய வெளியீட்டுக்கு மாறும் முன் ஒருமுறை பார்க்கிறேன். அவசரமாக எங்காவது கிளம்பும் நேரத்திலும், மறுநாள் காலை கணினி கட்டாயம் வேண்டும் என்ற இரவிலும் இந்த வேலையைத் தொடுவதில்லை.